ஐந்நூறைத் தாண்டாத வீடு

இந்த அறையில் இரண்டு மின்விசிறிகள் ஓடுகின்றன. ஜன்னல் பக்கம் ஓடுவதற்குக் கீழே ஒரு நாற்காலிகூட இல்லை. நான் வந்ததிலிருந்து மூன்று மணி நேரமாக அது சுவரோரம் அடுக்கிய பழைய பைல்களுக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கண்ணில் பட்டது, எழுதினேன்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொல்லி நான்கு தாள் கொடுத்தீர்கள், ஐயா. எனக்கு மூன்று போதும் என்று நினைக்கிறேன். முப்பத்தொரு வருடம் ஜவுளிக்கடையில் துணி வெட்டியவன் நான். இரண்டரை மீட்டர் என்றால் இரண்டரை மீட்டர்தான். பழகியவர்கள் கூடுதலாக நாலு விரல் விடச் சொல்லிக் கண்ணடிப்பார்கள். விடமாட்டேன். கடையில் எனக்குப் பட்டப்பெயரே ‘ஸ்கேல்’.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அதற்கடுத்த வருடமே அவள் பஞ்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டாள். என்னைப் படிக்க வைத்தாள், சட்டை தைத்துப் போட்டாள், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டாள். அந்த ஓட்டத்தில் அவளுக்குக் கல்யாணம் தள்ளிப்போனது. எனக்கு வந்த வரன்களை நானே தட்டிக்கழித்தேன். கடைசியில் அப்பா விட்டுப்போன வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். சந்தோஷமாகத்தான் இருந்தோம். இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன், ஏனென்றால் நேற்று உங்கள் ஏட்டு என்னிடம் “அக்கா மேல அப்படி என்ன கோபம்?” என்று கேட்டார். ஒரு கோபமும் இல்லை.

முப்பது வருடம் விழுங்கிய பஞ்சுத் தூசி அக்காவின் நுரையீரலை அரித்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் டாக்டர் ஒரு மெஷின் வாங்கச் சொன்னார். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். தினமும் பதினாறு மணி நேரமாவது அது ஓடவேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உறுமிக்கொண்டே இருக்கும். அக்கா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். “இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு ஒருத்தன் கிடைச்சான். அவனும் குறட்டை விடுறான் பாருடா” என்பாள்.

மாப்பிள்ளை மட்டும் ஒரு நாளைக்கு ஐந்தரை யூனிட்டுக்கு மேல் இழுப்பார். பிரிட்ஜ், விசிறி, விளக்கு எல்லாம் சேர்த்து எட்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் என்பதால் கணக்கு நானூற்றெண்பதில் வந்து நிற்கும். போன வருடம் இரண்டு தடவை கட்டணத்தை ஏற்றியபோது புதிதாக ஒரு விதியும் போட்டார்கள். ஐந்நூறு யூனிட் வரை ஒரு விலை. ஐந்நூற்று ஒன்றாகிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை. கத்தரிக்கோல் ஒரு நூல் விலகினால் முழுத் துணிக்கும் பட்டு விலை கேட்பது போல. இதை நியாயம் என்று சொல்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோரும் முனகிக்கொண்டே கட்டினார்கள். நான் முனகவில்லை. அளந்தேன்.

இப்படி மெஷின் வைத்திருக்கிற வீடுகளுக்குச் சலுகை உண்டு என்று கேள்விப்பட்டு மின் அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி, மூன்றாவது ஜன்னல். அங்கே உட்கார்ந்திருந்தவர் மரியாதையான மனிதர்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

“கனெக்ஷன் யார் பேர்ல இருக்கு சார்?”

“எங்க அப்பா பேர்ல.”

“அவரை வந்து ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்க.”

“அவர் போய் இருபத்திரெண்டு வருஷம் ஆச்சுங்க.”

“அப்படியா. அப்ப அதுக்கு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்துடுங்க.”

வாங்கினேன். பிறகு வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார், அதையும் வாங்கினேன். அக்காவின் கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, நோயாளி நேரில் வரவேண்டும் என்றார்.

“மூச்சு விட முடியாதவங்க மூணு மாடி ஏறணுங்களா?”

“ஏற முடியாதுன்னு டாக்டர் எழுதித் தரட்டும். நான் வேணாம்னா சொல்றேன்?”

டாக்டர் எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தை நோயாளியே நேரில் கொடுக்கவேண்டுமாம்.

வெளியே போவதற்கென்று அக்காவிடம் ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை அவளை அழைத்துப் போனேன். லிப்ட் இருந்தது, அதற்குள் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அறுபத்தாறு படி. ஏறி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஜன்னல்காரர் அப்போதுதான் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்து, அக்கா போட்ட கையெழுத்தைப் பார்த்து, “ரொம்ப நடுங்குதேம்மா” என்றார். அக்கா சிரித்தாள். “கையெழுத்தாவது நடுங்குது தம்பி, நான் அதுக்கும் மேல” என்றாள். பைல் பரிசீலனைக்குப் போனது. வீடு திரும்பும்போது சிலிண்டர் காலி. கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தேன். நிரப்பிக்கொண்டு வரவேண்டும், வரவேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அந்த ஒன்றில் என் பக்கம் கவனக்குறைவு உண்டு.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்கு ரீடிங் தேதி பன்னிரண்டு. அன்றைக்குக் காலையில் கதவைத் திறந்து வைத்து, மீட்டர் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, ரீடிங் எழுதும் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். கணக்கு நானூற்று எழுபத்தெட்டு. ஒரு குறையும் இல்லை. மீட்டர்காரர் வரவில்லை.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். இரண்டு மாதம் என்று அவர்கள்தான் சொன்னார்கள். அறுபது நாளுக்கு ஐந்நூறு என்று அவர்கள்தான் கோடு போட்டார்கள். பிறகு அறுபத்தாறாவது நாள் சாவகாசமாக வந்து, கோட்டைத் தாண்டிவிட்டாய் என்பார்கள். போன் செய்தேன். ரீடிங் எடுக்கும் கருவி பழுதாம், இரண்டொரு நாளில் வந்துவிடுவார்களாம்.

பதின்மூன்றாம் தேதி பிரிட்ஜை அணைத்தேன். விசிறியையும் விளக்குகளையும் அணைத்தேன். பால் கெட்டுப்போனதால் இரண்டு பேரும் டீயைப் பால் இல்லாமல் குடித்தோம். மாலையில் நானூற்று எண்பத்துநான்கு. பதினான்காம் தேதி தொண்ணூறு. வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது மாப்பிள்ளை மட்டும்தான்.

பதினைந்தாம் தேதி மெஷினைப் பத்து மணி நேரமாகக் குறைத்தேன். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவள் முதலில் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். “மூச்சு வாங்குறது எனக்கா, உன் மீட்டருக்காடா?” என்றாள். சாயங்காலம் அவள் உதடு கொஞ்சம் நீலமாகத் தெரிந்தது. “ஏன்டா, கூட வர்றதை நான் கட்டிடறேன். என் பென்ஷன் சும்மாதானே கிடக்குது” என்றாள். “பணம் பிரச்சினை இல்லைக்கா” என்றேன். உண்மையிலேயே இல்லை. வித்தியாசத் தொகை இரண்டு சட்டைத்துணி விலைதான், அதுவும் சாதா ரகம். வங்கியில் என் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அதனால்தான் உங்கள் முதல் அறிக்கையில் ‘பணத்துக்காக’ என்று எழுதியிருப்பதை அடித்துவிடச் சொல்கிறேன்.

அன்றைக்கே மூன்றாவது ஜன்னல்காரர் எனக்குப் போன் செய்தார். நல்ல மனதோடுதான் செய்தார். “சார், இவ்வளவு கஷ்டம் எதுக்கு? மீட்டரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பன்னெண்டாந்தேதி கணக்குன்னே நான் போட்டுக்கறேன்.”

“மீட்டர் பாக்குற வேலைக்குச் சம்பளம் வாங்குறது யாருங்க?” என்று கேட்டேன்.

“அதுக்கில்ல சார். வீட்ல நோயாளி இருக்காங்கன்னு சொன்னீங்களே...”

“அதைத்தான் ஏழு மாசமா நான் உங்களுக்குச் சொல்லிட்டு இருக்கேன்” என்று வைத்துவிட்டேன். அதைச் சொல்லிவிட்டதை நினைத்து அன்று முழுவதும் மனது நிறைவாக இருந்தது.

பதினாறாம் தேதி ஆறு மணி நேரம். அன்று நான் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் மனு கொடுத்துவிட்டுத் திரும்பியபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து சுவிட்சைப் போட்டிருக்கிறாள். திரும்ப நடக்க முடியாமல் தரையிலேயே குழாயோடு உட்கார்ந்திருந்தாள். அவளைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தேன். முகம் துடைத்துவிட்டேன். பிறகு மெஷினின் வயரைக் கழற்றி, மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நீங்கள் கைப்பற்றிய வயர் அதுதான். அவள் என்னைத் திட்டவில்லை. “டேய், நான் உன்னை வளர்த்தவடா” என்று மட்டும் சொன்னாள். அது எனக்குத் தெரியாதா?

அதன்பின் அவளால் குரலெடுத்துக் கூப்பிட முடியவில்லை. அதனால் தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் வைத்தேன். தட்டினால் ஓடிப்போவேன். பழைய காலண்டர் அட்டையால் விசிறிவிட்டேன். கை கடுக்கும்வரை விசிறினேன், ஐயா. அக்கறை இல்லாதவன் அப்படிச் செய்வானா? பதினேழாம் தேதி நான்கு மணி நேரம். கணக்கு நானூற்றுத் தொண்ணூற்றேழு.

பதினெட்டாம் தேதி காலையில் இரண்டு மணி நேரம் மெஷினை ஓட்டினேன். எட்டு மணிக்கு நிறுத்தி, வயரை மறுபடி அலமாரியில் பூட்டினேன். “போடுடா” என்று உதட்டசைத்தாள். “இன்னிக்குக் கண்டிப்பா வந்துடுவாங்கக்கா” என்றேன். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பிடி லேசாக இருந்ததால் எடுத்துக்கொள்வது சிரமமாக இல்லை. வாசலுக்குப் போய் உட்கார்ந்தேன். தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். நாலாவது தடவை போகவில்லை. நான் உள்ளே போன நேரம் பார்த்து மீட்டர்காரர் வந்து, வீடு பூட்டிக்கிடந்தது என்று எழுதிவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது?

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வந்தார். தாமதத்துக்கு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. கருவியை மீட்டர் முன்னால் நீட்டியவர் கழுத்தைத் திருப்பி உள்ளே பார்த்தார்.

“உள்ள யாரோ கூப்பிடறாங்க சார். டம்ளர் சத்தம்.”

“முதல்ல நீங்க எழுதுங்க” என்றேன்.

எழுதினார். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. அட்டையிலும் எழுதச் சொன்னேன், எழுதினார். தேதியைப் பன்னிரண்டு என்று போட்டிருந்தார். அப்படித்தான் போடச் சொல்லி மேலிருந்து உத்தரவாம். வந்தது பதினெட்டு, பதினெட்டு என்றே போடுங்கள் என்றேன். “சத்தம் நின்னுடுச்சு சார், போய்ப் பாருங்களேன்” என்றார். தேதியை அடித்து எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டால்தான் விடுவேன் என்றேன். அவர் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் போட்டார்.

அவர் உங்களிடம் கொடுத்த சாட்சியம் உண்மைதான். ஒரு வார்த்தைகூட மிகைப்படுத்தவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போனேன். அலமாரியைத் திறந்து, வயரை எடுத்து மாட்டி, சுவிட்சைப் போட்டேன். மாப்பிள்ளை உறுமினார். அக்காவின் கண் திறந்திருந்தது. கரண்டி கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தது. ரீடிங் அட்டையை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, “பாருக்கா, ஜெயிச்சுட்டோம்” என்றேன். நல்ல சேதிக்கு அவள் எப்போதும் ஏதாவது கிண்டல் சொல்வாள். அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் மெஷினைப் பதினாறு மணி நேரம் முழுதாக ஓடவிட்டேன். அவளுக்குச் சேரவேண்டியது அது.

மெஷினை நிறுத்தியது நான். வயரைப் பூட்டி வைத்தது நான். கூப்பிட்டது காதில் விழுந்தும் போகாதது நான். அக்கா என்னால்தான் இறந்தாள் என்று எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் இனிப் பெரிய செலவு எதுவும் இல்லை, அடுத்த ரீடிங் நூறைக்கூடத் தொடாது. அதற்காக அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். பன்னிரண்டாம் தேதி என்றால் பன்னிரண்டாம் தேதியே வரச் சொல்லுங்கள்.