மாடி வீட்டுப் பேத்தி

செகந்திராபாத்திலிருந்து போலாரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் ஸீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த பெரியவர் சாவகாசமாகச் சொன்னார்:

"என் ஓரகத்தியோட பேத்தி எங்க வீட்டு டிவிலதான் நடக்கப் பழகுது."

நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

"என்னக்கா சொல்றீங்க? அவங்களோடதான் உங்களுக்குப் பேச்சே இல்லையே?" என்றாள் பக்கத்தில் இருந்த இளையவள்.

"ஹவ், ஆமா. வீட்டைப் பிரிச்சோம். மாடி அவளுக்கு, கீழ எங்களுக்கு. வைஃபைய மட்டும் பிரிக்கல. சண்டைக்கு முன்னாடி ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி டிவி வாங்கினோம். போன்ல ரெண்டுக்கும் ஒரே பேர்தான் காட்டுது. பெங்களூர்லேர்ந்து அவ மக அனுப்பற குழந்தை வீடியோவ, அவ போன்லேர்ந்து தன் டிவில போடறேன்னு எங்க டிவில போட்டுடறா."

"பாஸ்வேர்டை மாத்திடுங்கக்கா."

"நக்கோ, நக்கோ," என்று அவசரமாக மறுத்தார் பெரியவர்.

"டிவி பேரையாவது மாத்துங்க. செட்டிங்ஸ்ல போனா ஆச்சு. நானே வந்து பண்ணித் தரேன்."

"வேணாம்மா. எங்க வீட்டுக்காரரு சேனல் மாத்த வந்தாலே நான் ரிமோட்டைக் குடுக்கறதில்ல."

"பாவம்க்கா, வீடியோ எங்க போச்சுன்னு அவங்க மாடில தேடிக்கிட்டிருப்பாங்க."

பெரியவர் மடியிலிருந்த காய்கறிப் பையை நிமிர்த்தி வைத்தார்.

"அவ டிவி போன வாரமே ரிப்பேருக்குப் போயிடுச்சு. நேத்து சாயங்காலமும் எங்க டிவில குழந்தை நடந்துச்சு."