சுவரில் தொங்கும் பூட்டு எண்கள்

இக்கூட்டத்தின் தலைவரும், நம் பள்ளிக் குழுவின் முதல்வரும், ஊரில் எங்கே புகை எழுந்தாலும் தொப்பியைத் தேடாமல் வண்டியைத் தேடி ஓடுகிறவருமான மதிப்பிற்குரிய டுவெய்ன் ஷ்ராம் அவர்களே! இந்தத் தீயணைப்பு மண்டபத்தைக் கட்டியெழுப்பிய பெரியவர்களே! மான் வேட்டை தொடங்கும் நாளில் இருட்டோடு எழுந்து இதே அடுப்பில் பான்கேக் சுட்டு ஊரையே காட்டுக்கு அனுப்பிவைக்கும் தாய்மார்களே! என்னோடு படிக்கும் தோழர்களே, தோழிகளே! கடைசி வரிசையில், கதவோரமாக, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் என் அன்பு அப்பா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

என் பெயர் மேவிஸ் ஹுடாக். பத்தாம் வகுப்பு. சொல்ல வந்ததைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நம்முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. மனநோய்க்காக மருத்துவம் பெற்ற மாணவர் எவரானாலும், இந்த ஆண்டு முழுவதும் பள்ளிக்கு வரக் கூடாது. வீட்டிலிருந்தே படிக்க வேண்டும். தலைவர் கொண்டுவந்த தீர்மானம். இன்னும் சற்று நேரத்தில் வாக்கெடுப்பு.

ஏன் வந்தது இந்தத் தீர்மானம்? பக்கத்து ஊரான எல்க் ஃபோர்க்கில் நடந்ததால் வந்தது. அங்கே பந்துருட்டி ஆடும் பௌலிங் கூடத்தில் வேலை பார்த்த மார்சியைச் சுட்டுக் கொன்றதால் வந்தது. மார்சியை அறியாதவர் இங்கே யார்? ஆடப் போகும்போதெல்லாம் நம் கால் அளவைக் கேட்காமலே வாடகைக் காலணியை எடுத்து நீட்டியவள் அல்லவா அவள்? அவளுக்காக அழுதோம். அழுது முடித்ததும் ஆத்திரப்பட்டோம். ஆத்திரம் அடங்குவதற்குள் இரண்டாகப் பிரிந்தோம். ஒரு பாதி, துப்பாக்கிகளைத் தூக்கி எறியுங்கள் என்றது. மறு பாதி, துப்பாக்கி தானாக வெடிக்குமா, பைத்தியங்களைப் பிடித்துப் பூட்டுங்கள் என்றது.

லெராய் அண்ணன் கைதட்டுகிறார். தூண்டில் புழு விற்கும் கடையில் அவர் தினமும் சொல்வது இதைத்தான்.

"ஆமா பாப்பா, அதத்தான் சொல்றேன். கிறுக்குப் புடிச்சவன் கையில சமையக் கரண்டியக்கூட குடுக்கக் கூடாது."

நல்லது அண்ணா. உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். மார்சியைச் சுட்டவனுக்கு எந்த மருத்துவர் மருந்து கொடுத்தார்? எந்த மருத்துவமனையில் அவன் படுத்திருந்தான்? எவரும் இல்லை, எங்கும் இல்லை. அவன் அவளுடைய முன்னாள் கணவன். அவளை அடித்தவன். மறுபடி அடிப்பேன் என்று ஊரறியச் சொன்னவன். அவனுக்கு இருந்தது கோபம்; அந்தக் கோபத்துக்கு நாம் வைத்த செல்லப் பெயர் பைத்தியம். கோபக்காரனைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டு, நோயாளியைத் தேடிப் பிடித்து நிறுத்துகிறோமே, இது நீதியா? இந்தத் தீர்மானம் அன்றே இருந்திருந்தால் மார்சி இன்று இருப்பாளா?

சரி, மேலே போகிறேன்.

அவன் கையில் துப்பாக்கி எப்படி வந்தது? அவனுடைய மாமா வெர்னரின் இரும்புப் பெட்டகத்திலிருந்து வந்தது. வெர்னர் ஐயா நம் ஊர்க்காரர். இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெட்டகம் எண் பூட்டால் பூட்டித்தான் இருந்தது. யாரும் உடைக்கவில்லை. அடக்கம் முடிந்த அன்று, தேவாலயப் படியில் தனியாக உட்கார்ந்திருந்த அவருக்கு நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் காப்பியைக் குடிக்கவில்லை.

"பூட்டித்தான் வெச்சிருந்தேன், பொண்ணே. நம்பர என் பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல" என்றார்.

சொல்லாத எண் அவனுக்கு எப்படித் தெரிந்தது? சொல்லுகிறேன். அதற்கு முன்பு என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் எனக்குப் பயம். மேடையைக் கண்டு வந்த பயம் இல்லை இது. கதவோரம் நிற்பவரைக் கண்டு வந்த பயம்.

என் அண்ணன் வெஸ்லி ஒஹாயோவில் அத்தை வீட்டில் இருப்பதாக நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அத்தை வீட்டில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவன் அங்கே இல்லை. அவன் மருத்துவமனையில் இருக்கிறான். அவனுக்கு மனநோய்.

சலசலப்பு அடங்கட்டும். காத்திருக்கிறேன்.

இந்த வசந்தத்தில் அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். பிறகு பேசுவதை நிறுத்தினான். பிறகு, தான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று நம்பத் தொடங்கினான். ஒரு நாள் பள்ளி விட்டு வந்தேன். எங்கள் கார்க் கொட்டகையில் அப்பாவின் துப்பாக்கிப் பெட்டகம் திறந்து கிடந்தது. அதன் முன்னால், சிமெண்ட் தரையில், வெஸ்லி உட்கார்ந்திருந்தான். கையில் துப்பாக்கி இல்லை. தொலைபேசி இருந்தது. தன் நண்பன் கோடி யோஸ்டை அழைத்து அவன் சொன்னது என் காதில் விழுந்தது.

"டேய், உங்கப்பாவோட டிரக்க எடுத்துட்டு வா. எங்க வீட்டுத் துப்பாக்கி எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிடு. ஏன்னு கேக்காத. வேகமா வா."

கோடி கேட்கவில்லை. வந்தான். ஏற்றினான். வெஸ்லியையும் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு, துப்பாக்கிகளைத் தன் வீட்டில் இறக்கிவிட்டு, அவனை மருத்துவமனை வாசலில் இறக்கினான்.

ஊரே, உன்னைக் கேட்கிறேன். நோயாளி யார்? தன்னிடமிருந்து துப்பாக்கியைத் தானே எடுத்துப்போகச் சொன்னவனா? அவனைவிடத் தெளிந்த புத்தி இந்த மண்டபத்தில் யாருக்கு இருக்கிறது? நோய் வந்தவர்கள் பிறரைச் சுடுவதைவிடத் தங்களையே அழித்துக்கொள்ளும் ஆபத்துதான் மிகுதி. அவனை நாம் காக்க வேண்டுமா, அவனிடமிருந்து நம்மைக் காக்க வேண்டுமா?

அப்பாவின் எண் அவனுக்கு எப்படித் தெரியும் என்று மருத்துவமனையில் அவனைப் பார்க்கப் போனபோது கேட்டேன். சிரித்தான். அங்கே போன பிறகு அவன் சிரித்த முதல் சிரிப்பு.

"போடி லூசு. அந்த நம்பர் ஊருக்கே தெரியும். சுவத்துல தொங்குது."

அன்பர்களே, தயவுசெய்து உங்களுக்குப் பின்னால் திரும்பிப் பாருங்கள்.

அதோ, நம் ஊரின் பெருமைச் சுவர். அப்பா, தாத்தா, பேரன் என்று ஒவ்வொருவரும் வீழ்த்திய முதல் கலைமானோடு எடுத்த படம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, கறுப்பு மையில், அந்த நாளின் தேதி. வாழ்நாளில் மறக்க முடியாத தேதி. மறக்காது என்பதற்காகவே நீங்கள் பெட்டகத்துக்குப் பூட்டு எண்ணாக வைத்த தேதி. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாரும் அதையே வைத்தீர்கள். வைத்த எண்ணை மனைவிக்கு மறைத்தீர்கள், பிள்ளைக்கு மறைத்தீர்கள். மறைத்ததைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினீர்கள். ஜன்னலுக்கு இடப்பக்கம் இருப்பது வெர்னர் ஐயாவின் படம். மார்சியைக் கொன்றவன் எத்தனையோ முறை அதற்குக் கீழே உட்கார்ந்து பான்கேக் சாப்பிட்டிருக்கிறான்.

லெராய் அண்ணன் சிரிக்கிறார். அவ்வளவு முட்டாள் யாரும் கிடையாது என்கிறார். அப்படியா? மாண்புமிகு தலைவர் அவர்களே, உங்கள் படம் எனக்குத் தெரிகிறது. எட்டுக் கிளைக் கொம்பு. கீழே தேதியும் தெரிகிறது. உங்கள் பெட்டகத்தின் எண்ணை இந்த ஒலிபெருக்கியில் படிக்கட்டுமா?

"வேண்டாம்மா" என்கிறார் தலைவர். "படிக்க வேண்டாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. லெராய் அண்ணனும் சுவரைப் பார்க்கிறார்.

நான் துப்பாக்கியைப் பறிக்க வரவில்லை. நானும் அப்பாவோடு காட்டுக்குப் போகிறவள். என் படத்துக்கும் அந்தச் சுவரில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். பூட்டைப் பூட்டாக்குங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன். இன்றிரவே எண்ணை மாற்றுங்கள். வீட்டில் ஒருவர் உடைந்து போயிருந்தால், அவர் தேறும்வரை துப்பாக்கியை இன்னொரு வீட்டுக்கு அனுப்புங்கள். மனைவியை அடிப்பவன் எவன் என்று நமக்குத் தெரியும். அவன் கைக்குத் துப்பாக்கி எட்டாமல் செய்யுங்கள். இவற்றைத் தீர்மானமாக எழுதுங்கள், நான் முதல் ஆளாகக் கைதூக்குகிறேன். ஆனால் மருத்துவரிடம் போனவனைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தினால், நாளைக்கு எந்தப் பிள்ளை மருத்துவரிடம் போவான்? எந்தப் பிள்ளை நண்பனை அழைப்பான்? எல்லாரும் ஒஹாயோவுக்கு, அத்தை வீட்டுக்குத்தான் போவார்கள்.

வெஸ்லி சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறான். திங்கட்கிழமை பள்ளிக்கு வர ஆசைப்படுகிறான். வேட்டைக் காலம் நெருங்குவதால் யோஸ்ட் வீட்டிலிருந்து துப்பாக்கிகளைத் திரும்ப எடுத்துவர அப்பா நினைத்திருக்கிறார். அப்பா, இத்தனை பேர் முன்னால் உங்களிடம் கேட்கிறேன். வீட்டில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவை அங்கேயே இருக்கட்டும். நீங்கள் யோஸ்ட் வீட்டுக்குப் போய், அங்கிருந்தே காட்டுக்குப் போங்கள்.

அப்பா கையைப் பிரிக்கிறார். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறீர்கள். அவர் பேசட்டும்.

"பொண்ணு சொல்றது நெஜம்தான். எங்கக்கா வீட்ல அவன் இல்ல. நாந்தான் அப்படிச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். துப்பாக்கி யோஸ்ட் வீட்லயே கெடக்கட்டும். திங்கக்கெழம என் பையன நானே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வருவேன், டுவெய்ன். கதவ மூடுறதுன்னா என் மூஞ்சிக்கு நேரா மூடு."

என் தாளில் இன்னும் அரைப் பக்கம் இருக்கிறது. அதைப் படிக்க வேண்டிய தேவை இப்போது இல்லை.

தலைவர் அவர்களே, எனக்கு நேரம் ஒதுக்கிய உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. தன் துயரத்தைச் சொல்ல இசைந்த வெர்னர் ஐயாவுக்கு நன்றி. காரணம் கேட்காமல் டிரக்கை எடுத்த கோடிக்கு நன்றி. குறுக்கே பேசினாலும் கடைசிவரை கேட்ட லெராய் அண்ணனுக்கும் நன்றி. வாக்களிக்கக் கை உயர்த்துமுன், அந்தச் சுவரை இன்னொரு முறை பார்த்துவிட்டு உயர்த்துங்கள் என்று கேட்டு, கதவோரம் எனக்காகக் காத்திருப்பவரிடம் போகிறேன். வணக்கம்.