பேக்கரியைத் தாண்டி

— டர்ன் லெஃப்ட்னு சொன்னேன். வண்டி வலது பக்கம் வளையுது.

— பதறாதீங்க, திருப்பிட்டேன். டாக்ஸிக்காரர் பொண்டாட்டின்னு பேருதான். கல்யாணமான நாள்லருந்து பின்சீட்டுல உக்காந்து வந்தவ நான்.

— உனக்கு வண்டி வந்துடுச்சு, வார்த்தைதான் வரலை. நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கற ஆபீசருக்குத் தமிழ் வராது, இங்கிலீஷ் மட்டும்தான். ம், கோ டவுன் தி ரோட்.

— டவுனா? ரோடு தட்டையா இருக்கே, பள்ளம் எங்க?

— பள்ளம் வேணாம்டி. இதே ரோட்டுல போய்க்கிட்டே இருன்னு அர்த்தம்.

— அப்ப, அப் தி ரோட்னா?

— அதுவும் அதேதான்.

— நல்ல பாஷை. மேலேயும் கீழேயும் ஒண்ணேதான்.

— பேச்சைக் குறை. வேகத்தடை ஏறி இறங்கிட்டோமா? கோ பாஸ்ட் தி பேக்கரி.

— பேக்கரிகிட்ட நிறுத்தணுமா?

— பாஸ்ட்னா தாண்டிப் போறது. நிறுத்தினா ஃபெயில். என் கண்ணு இனி தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்த வண்டிக்கு நீதான் கதி.

— அதையே சொல்லாதீங்க. பேக்கரியைக் காணோமே, செருப்புக் கடைதானே இருக்கு?

— மாத்திட்டான் போல. அதைத் தாண்டி செகண்ட் ரைட்.

— நாம இந்தப் பக்கம் வந்ததே இல்ல. உங்களுக்கு எப்படி இவ்வளவு அத்துப்படி?

— சவாரி. இப்ப புல் ஓவர். ஓரங்கட்டு.

— கட்டிட்டேன். யார் வீடுங்க இது, பச்சை கேட்டு?

— உன் மக வீடு.

— என்னங்க சொல்றீங்க? அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனதுலருந்து, பேரை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிப்பீங்களே.

— வண்டி ஓட்டிக்கிட்டிருந்தப்ப, சவாரி முடிஞ்சா இந்த முனைக்குத்தான் வருவேன். இறங்கிப் போகத்தான் மனசு வரலை. வறட்டுப் பிடிவாதம்.

— கண்ணு முழுசாப் போறதுக்குள்ள வந்தீங்களே, போதுங்க.

— ஹாரன் அடி.

— கதவு திறக்குது. அவதாங்க. இளைச்சிருக்கா. நம்ம வண்டின்னு தெரிஞ்சுடுச்சு, கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு அழறா. பாருங்க... ஏங்க, என்னத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கிட்டீங்க? இன்னமும் கோபமா?

— கோபம் இல்லடி. அவ எந்தப் பக்கம் நிக்கறான்னு சொல்லு.