தேனீக்களிடம் சொன்ன பொய்

அவைக்குத் தலைமை தாங்கும் அன்புக்குரிய போதகர் த்வெயிட் அவர்களே! நம் பள்ளத்தாக்கில் பிறந்த பழங்கதையைப் படமாக்கி, அதை முதன்முதலாக நம் ஹாவ்பெக் ஊர் மன்றத்திலேயே திரையிட வந்திருக்கும் இயக்குநர் பென்ஹேல் அவர்களே! ஆடுகளை அடைத்துவிட்டு அவசர அவசரமாக வந்திருக்கும் பெரியவர்களே! அடுப்பில் வைத்த இஞ்சிக் கேக் கருகிவிடுமோ என்ற கவலையோடு காத்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில், கணப்புக்குப் பக்கத்தில், போர்வை போர்த்தி அமர்ந்திருக்கும் என் அப்பா அமோஸ் ரெய்ஸ்ட்ரிக் அவர்களே! அனைவருக்கும் இந்த வின்னியின் வணக்கம்.

"நன்றி சொல்லிட்டு இறங்கிடு, வேற எதுவும் பேசாதே" என்று விழாக் குழுவில் சொன்னார்கள். சொல்கிறேன். ஆனால் யாருக்குச் சொல்வது, எதற்குச் சொல்வது? அதுதான் எனக்கு விளங்கவில்லை. எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

இந்தக் கதையைப் படிக்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? தாயை இழந்து, பேச்சை இழந்து, தேனீ வளர்க்கும் தாத்தா வீட்டுக்கு வரும் சிறுமி. தாத்தாவும் இறந்துபோகிறார். வீட்டில் சாவு விழுந்தால் தேனீக்களிடம் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அவை கூட்டை விட்டுப் போய்விடும் அல்லவா? சொல்ல வேறு ஆள் இல்லை. ஊமையாய்ப் போன அந்தச் சிறுமி வீட்டுச் சாவியால் தேனீப் பெட்டியைத் தட்டி, "உங்க எசமான் செத்துட்டாரு, எங்களை விட்டுப் போயிடாதீங்க" என்கிறாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு! அங்கேதான் அவள் குணமாகத் தொடங்குகிறாள்.

அவளாக நடிக்க லண்டனிலிருந்து வந்த சிறுமிக்குத் தேனீ என்றால் நடுக்கம். அதனால் அந்தக் காட்சியில் கை என் கை, குரல் என் குரல், பெட்டிகள் என் அப்பாவின் பெட்டிகள். சாவு வீட்டு வழக்கப்படி கறுப்புத் துணி போர்த்தி நின்ற பெட்டிகளைப் பார்த்ததும் அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, எசமான்னா நீங்கதானே? உயிரோட இருக்கறப்ப எப்படிச் சொல்றது?" என்றேன்.

"சொல்லு பொண்ணு. என் சாவுச் செய்தியை நானே காதால கேக்கலாம்ல! அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?" என்று சிரித்தார்.

சொன்னேன். இயக்குநர் இன்னொரு முறை என்றார். மறுபடியும் சொன்னேன்.

அந்த மாதமே, ஹெதர் புதர்கள் பூத்ததும் தேனுக்காகப் பெட்டிகளை மேட்டு நிலத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது அப்பா பக்கவாதம் வந்து விழுந்தார். வலக்கை போயிற்று. பேச்சும் போயிற்று. அவைப் பெரியோர்களே, நான் கேட்கிறேன்! கதையில் ஊமையைப் பேசவைத்த அதே வாக்கியம், என் வீட்டில் பேசியவரை ஊமையாக்குமா? அங்கே மருந்து, இங்கே நஞ்சா? புத்தகம் பொய்யா, தேனீ பொய்யா, நான்தான் பொய்யா?

கடைக்குப் போனால் திருமதி மெட்காஃப், "எசமான் செத்துட்டாருன்னு நீதானே சொன்னே? அதுங்க நம்பிடுச்சு. போய் அது பொய்யின்னு சொல்லு" என்றார்.

என்னங்க திருமதி மெட்காஃப்? "நான் அப்படிச் சொல்லலை" என்கிறீர்களா? சரி, அப்படிச் சொல்லவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னீர்கள்.

நானும் போனேன். சாவியோடு பெட்டிகளுக்கு முன்னால் நின்றேன். பிறப்புக்குச் சொல்ல வார்த்தை உண்டு. கல்யாணத்துக்கு உண்டு, சாவுக்கும் உண்டு. சொன்ன சாவைத் திரும்பப் பெற, நம் முன்னோர் ஒரு வார்த்தையாவது வைத்துவிட்டுப் போனார்களா? இல்லையே! தட்டினேன். வார்த்தை வரவில்லை. மறுபடி தட்டினேன். அழுகைதான் வந்தது.

பின்னால் கால் இழுபடும் சத்தம். அப்பா! சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். என் கையிலிருந்த சாவியை இடக்கையால் பிடுங்கினார். பெட்டியை ஓங்கித் தட்டினார். வாய் கோணியது, முகம் சிவந்தது, எச்சில் வழிந்தது. பிறகு வந்தது அந்த ஒரு சொல்:

"இருக்கேன்!"

கை தட்டாதீர்கள், தயவுசெய்து. எனக்கு இன்னும் எதுவும் புரியவில்லை. நர்ஸ் பூல், "தினமும் வந்து நாக்குக்குப் பயிற்சி குடுத்தது யாரு? நானா, பூச்சியா?" என்கிறார். போதகர் ஜெபம் என்கிறார். திருமதி மெட்காஃப் தேனீ என்கிறார். அம்மா, "பிடிவாதம்டி, வேறென்ன" என்கிறாள். அப்பாவிடம் கேட்டால், "இருக்கேன்" என்கிறார். தேநீர் வேண்டுமா என்றாலும் இருக்கேன். மருந்து வேண்டாமா என்றாலும் இருக்கேன். இன்றுவரை அவருக்கு இருப்பது அந்த ஒரு சொல்தான்.

இப்போது விழாக் குழு அந்தக் காட்சியை மட்டும் வெட்டிவிடலாம் என்கிறது. திரையில் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அமோஸின் சாவு இன்னொரு முறை சொல்லப்படுமே என்று பயப்படுகிறீர்கள். உங்களைவிட நான் அதிகம் பயப்படுகிறேன். வெட்டச் சொல்லத்தான் நானும் மேடை ஏறினேன். ஆனால் அன்பர்களே, வெட்டினால் என்ன ஆகும்? அந்தச் சிறுமி கடைசிவரை வாய் திறக்கவே மாட்டாள்! என் அப்பா பேச வேண்டும் என்பதற்காக, அவள் பேசாமலே போகலாமா? ஒருவர் குணமாக இன்னொருவரை ஊமையாக்கலாமா? கூடாது! என் அப்பா இழந்தது எது என்று தெரிந்த என்னால், அதை ஒரு கதைப் பிள்ளையிடமிருந்தும் பறிக்க முடியாது!

இயக்குநர் அவர்களே, வெட்டாதீர்கள். முழுதாகப் போடுங்கள். போதகர் அவர்களே, குழுவின் பேச்சை மீறியதற்காக என்னைப் பிறகு திட்டுங்கள். அம்மாவும் திட்டுவாள், வரிசையில் நில்லுங்கள்.

படம் எடுத்தவர்களுக்கும், பயிற்சி கொடுத்தவருக்கும், ஜெபித்தவர்களுக்கும், கடையில் சத்தம் போட்டவருக்கும், யாரால் நடந்தது என்று தெரியாததால் எல்லோருக்குமே என் நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள். திரையில் என் குரல் "உங்க எசமான் செத்துட்டாரு" என்று சொல்லும். அப்போது பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல் பதில் சொல்லும். யாரும் அதை அடக்கிவிடாதீர்கள்.

எல்லோருக்கும் நல்ல மாலை. விளக்கை அணைக்கலாம்.