கேட்காத காதில் சொன்னது

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஐம்பதைத் தாண்டிய இருவர். கத்தோலிக்கப் பாதர்கள் நடத்திய விடுதியில் சேர்ந்து படித்தவர்கள். பழைய மாணவர் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள். ஜன்னலோரம் இருந்தவர் பேருந்துக்கே கேட்கும்படி பேசினார். ஜன்னல் பக்கத்துக் காதைத் தொட்டுக்காட்டிச் சொன்னார்:

“பாதர் என்கிட்ட சொன்னது இந்தச் செவிட்டுக் காதுலதான் மாப்ள.”

“என்னலே சொல்ற?”

“அங்கிய இடுப்புல சொருகிக்கிட்டு நம்மகூட பந்து விளையாடுவாருல்ல. ஆட்டத்துக்கு நடுவுல ஒவ்வொருத்தன் காதுலயும் மெதுவா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவாரே.”

“ஆமா. சோத்து மணியக் காட்டிலும் அதுக்குத்தான காத்துக் கெடப்போம்.”

“சின்னதுல வெடியில போன காது இது. அவருக்குத் தெரியாது. அன்னைக்கு நான் சுவரேறிக் குதிச்சு ஊருக்கு ஓடிர்றதா இருந்தேன். அவரு வந்து என்னமோ சொன்னாரு. மூச்சு மட்டும் சூடா பட்டுச்சு. தலைய ஆட்டிட்டேன். ஓடல.”

“என்ன சொன்னீகன்னு கேட்ருக்கலாம்ல?”

“கேட்டா காது போனது தெரிஞ்சுரும். ஆட்டத்துல சேக்காம ஒக்கார வச்சிருவாகன்னு பயம்.”

திருத்தங்கல்லில் கூட்டம் இறங்கியது.

“எனக்கு என்ன சொன்னாருன்னு சொல்லட்டுமா? ஒனக்கும் அதத்தான் சொல்லிருப்பாரு.”

ஜன்னலோரத்துக்காரர் எழுந்தார்.

“நீ இங்கன வா. இந்தக் காதுப் பக்கம் ஒக்காந்து சொல்லு.”

இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். நண்பர் அந்தக் காதருகே குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். எனக்கும் கேட்கவில்லை.

அவர் தலையை ஆட்டினார்.