வலக்கால் தூக்கிய குற்றம்

சென்னைப் பட்டணத்திலிருந்து ரயிலேறி வந்து நம் வாசகசாலையின் ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்கும் ராவ்சாகிப் அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிரப்பியிருக்கும் பெரியோர்களே! ஆரப்பாளையத்து அண்ணன்மாரே! அலங்காநல்லூரிலிருந்து வண்டி கட்டி வந்த மாமன் மச்சான்மாரே! ஆண்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு நாங்கள் மறந்துபோனதால் நின்றுகொண்டே கேட்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

தலைவரைப் புகழ்ந்து பேசச் சொல்லி என்னை மேடையேற்றினார்கள். புகழத்தான் போகிறேன். சென்னையில் ஒரு சர்வகலாசாலை. அங்கே ஒரு தனவந்தர் தந்த நன்கொடையில் ஓர் உபகாரச் சம்பளம். படிப்பை முடித்த இளைஞன் ஒருவன், சோற்றுக் கவலையில்லாமல் கோயில் கோயிலாகச் சென்று, நம் சிற்பங்களின் வரலாற்றைப் பார்த்து, படித்து, எழுத வேண்டும். நல்ல காரியமா, இல்லையா? நல்ல காரியம்தான். அதற்கு ஆள் பொறுக்கும் கமிட்டியின் தலைவர் யார்? இதோ, மாலை போட்டு அமர்த்தியிருக்கிறோமே, இவரேதான். கை தட்டுங்கள்! இப்போதே தட்டிவிடுங்கள், கொஞ்ச நேரம் போனால் உங்களுக்குத் தட்டத் தோன்றாது.

இந்தச் சம்பளத்துக்கு மனுப் போட்டவன் நம் முத்திருளன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் நல்லகாமன் மகன். எம்.ஏ. தேறியவன். நம் வாசகசாலையின் காரியதரிசி. அதோ, பந்தல் காலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். இதைப் பேச வேண்டாமென்று மத்தியானம் முழுக்க என்னைக் கெஞ்சினான். நான் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்?

கமிட்டி அவனைக் கூப்பிட்டது. போனான். நம் மதுரைக் கோயில் வெள்ளியம்பலத்தில் ஆடுகிற நடராசரைத் தன் கையால் எழுதிய சித்திரம் ஒன்றை மேசைமேல் வைத்தான். தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் காட்டினார். காட்டிவிட்டுச் சிரித்தார். ஏன் சிரித்தார்? எங்கும் வலக்கால் ஊன்றி இடக்கால் தூக்கி ஆடுகிற பெருமான், இந்தப் படத்தில் இடக்கால் ஊன்றி வலக்கால் தூக்கிவிட்டாராம்! யாரோ எழுதிய படத்தைக் காகிதத்தின் பின்பக்கத்திலிருந்து நகல் எடுத்துவிட்டானாம் பையன்! இடம் வலம் தெரியாதவனுக்கு ஆராய்ச்சி எதற்கு என்றாராம்.

சிரிக்காதே மாப்ள, முழுசும் கேளு. மதுரையில் பிறந்த குழந்தையிடம் இதைச் சொன்னால் தொட்டிலிலிருந்து எழுந்து உட்காராதா? ஊரெல்லாம் அறிந்த கால்! உலகமெல்லாம் கும்பிடுகிற கால்! கமிட்டிக்கு மட்டும் தெரியாத கால்!

எங்கள் ஊரில் அப்படித்தான் என்று முத்திருளன் பணிவாகச் சொல்லியிருக்கிறான். சாஸ்திரத்தில் அப்படி இல்லையே என்றிருக்கிறார் தலைவர். சொல்லிவிட்டு, “உமக்காகச் சுவாமி காலை மாற்றிக்கொண்டாரோ?” என்று கேட்டிருக்கிறார். அதற்கு நம் பிள்ளை சொன்னதைக் கேளுங்கள்:

“எனக்காக மாத்தலைங்கய்யா. கால் வலிக்குமேன்னு ஒரு பாண்டியன் அழுதான், அவனுக்காக மாத்துனாரு.”

இந்த வருஷம் தகுதியான ஆள் யாரும் கிடைக்கவில்லை என்று கமிட்டி சம்பளத்தை நிறுத்தி வைத்துவிட்டது. அரசன் அழுதால் ஆண்டவன் காலை மாற்றுகிறான். ஆதாரத்தை எடுத்து வைத்தாலும் ராவ்சாகிப் தம் கருத்தை மாற்ற மாட்டார்! பார்த்தீர்களா, யாருக்குப் பிடிவாதம் அதிகமென்று? முத்திருளன் வருகிற திங்கட்கிழமை மில்லில் சேர்கிறான். பஞ்சுப் பொதிக்கு மைக்குச்சியால் நம்பர் போடுகிற வேலை. அவ்வளவு படித்த கைக்கு அது போதுமென்று தீர்ப்பாகிவிட்டது.

என்ன அண்ணே? தலைவர் இன்று கோயிலுக்குப் போனாரா என்றா கேட்கிறீர்கள்? காலையிலேயே நாங்கள் அழைத்தோம். அந்தக் கோயிலைப் பற்றி நிறையப் படித்திருப்பதாகச் சொல்லிவிட்டு, லாட்ஜில் படுத்து உறங்கினார். படித்தாராம்! பந்தியில் உட்காராமலே பாயசத்துக்குக் குறை சொல்கிற ஆளை நாம் என்னவென்று அழைப்போம்?

ராவ்சாகிப் அவர்களே, கோபிக்காதீர்கள். சம்பளம் இன்னும் யாருக்கும் போகவில்லை. தீர்ப்பு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கோயில் நடையும் திறந்திருக்கிறது. எழுந்திருங்கள், போவோம்.

தலைவர் என் காதில் ஏதோ சொல்கிறார். நாளைக் காலை தனியாகப் போய்ப் பார்த்துக்கொள்கிறாராம். கூடாது ஐயா! நாலு பேர் நடுவில் வைத்து அவனைப் பார்த்துச் சிரித்தீர்கள். நானூறு பேர் நடுவில் நின்று அந்தக் காலைப் பாருங்கள். பார்த்த பிறகு, அவனுக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, நீங்கள் முன்னால் நடங்கள். அண்ணன்மாரே, தலைவருக்கு வழிவிடுங்கள். வாசல் பக்கம் அல்ல, கோயில் பக்கம். ஏலே முத்திருளா, நீயும் வா. இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கெல்லாம் நன்றி. தலைவருக்குச் சொல்ல வேண்டிய நன்றியை மட்டும் வெள்ளியம்பலத்தில் வைத்துச் சொல்கிறேன், அங்கே அவர் அதைச் சம்பாதித்தால். வணக்கம்.