முப்பத்தொன்றாம் எண் கம்பம்

கேரவனுக்குக் கரண்ட் இழுக்கும் வயரை முழுவதும் பிரித்துப் போட வேண்டும் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சார்ஜென்ட் கோவால்ட். சுருட்டியபடியே விட்டுவிட்டு ஏ.சி.யையும் ஹீட்டரையும் ஓட விட்டால் சுருள் சூடேறும், மேலுறை இளகும், கடைசியில் பற்றிக்கொள்ளும். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொன்னாலும் புரியும். கேரவன் வைத்திருப்பவர்களுக்குத்தான் புரிவதில்லை.

நான் எலக்ட்ரீஷியன். முப்பத்தாறு வருடம் அதுதான் என் தொழில். ஓய்வு பெற்ற பிறகு டரன்பா கடற்கரையில், விடுமுறைக்குக் கேரவனை இழுத்து வந்து நிறுத்தித் தங்கும் அந்தக் கேரவன் பார்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தேன். எண்பத்து நான்கு இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கரண்ட் கம்பம், கம்பத்துக்கு ஒரு சேஃப்டி ஸ்விட்ச். கரண்ட் கசிந்தால் அது தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும். வருகிறவர்களைப் பார்த்தால் ஒரு லட்சணமாக இருப்பார்கள். வண்டி பளபளக்கும். கூரையில் சூரியத் தகடு, பின்னால் இரண்டு சைக்கிள். இறங்கியதும் வயரை எடுத்து முதலில் கம்பத்தில் செருகுவார்கள், அதுவும் ஸ்விட்சை அணைக்காமல். பிறகு கரண்ட் பாயும் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரப் புல்லில் செருப்பு இல்லாமல் வண்டியைச் சுற்றி நடப்பார்கள். முதலில் வண்டியில் செருகு, பிறகு கம்பத்தில் செருகு, கடைசியில் ஸ்விட்சைப் போடு. மூன்று வரி. அட்டையில் எழுதி எல்லாக் கம்பத்திலும் ஒட்டியிருக்கிறேன். அந்த அட்டையில் ஈரத் துண்டைக் காயப்போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோபித்துக்கொண்டதில்லை. அவர்கள் தூங்கப் போன பிறகோ கடலுக்குப் போன பிறகோ நானே போய்ச் சரிசெய்துவிடுவேன். இணைப்பைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்திலிருந்து எடுத்து மேட்டில் வைப்பேன். சுருளைப் பிரித்துவிடுவேன். தாங்கள் உயிரோடு இருப்பதற்கு யார் காரணம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் மட்டும் என்ன.

பிரென்டன் ஹெய்ன்ரிக் ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை முப்பத்தொன்றாம் இடத்துக்கு வந்தான். கூட அவன் மனைவி லொரெல். பக்கத்து இடத்தில் அவர்களுடைய சிநேகிதத் தம்பதி. அவன் வயரைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பிளக்கின் எர்த் பின்னை அரத்தால் ராவியிருந்தான். வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரணத் துளையில் கேரவன் பிளக் நுழையாது. எர்த் பின் அகலம். நுழையக் கூடாது என்பதற்காகத்தான் அகலமாகச் செய்கிறார்கள். இவன் வீட்டில் செருக வேண்டும் என்று ராவித் தள்ளிவிட்டான். இப்போது என் கம்பத்தின் பெரிய துளையில் அந்தப் பின் எதையும் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தது. எர்த் இல்லை என்று அர்த்தம்.

அது போதாதென்று, வயர் வண்டிக்குள் நுழையும் இடம் விரிசல் விட்டிருந்தது. போன பார்க்கில் வயரைக் கழற்றாமலே வண்டியைக் கிளப்பியிருக்கிறான். பிய்ந்ததைக் கறுப்பு டேப்பால் ஒட்டியிருந்தான். அதை வெட்கமில்லாமல் அவனே சொன்னான், சிரித்துக்கொண்டே.

நான் மரியாதையாகத்தான் சொன்னேன். "இந்த வயரைப் போடாதீங்க. எர்த் சேரல. அந்த ஓட்டைக்குள்ள தண்ணி போனா வண்டியோட தகரம் பூரா கரண்ட் வந்துடும்."

அவன் மடக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "பெரிசு, கரண்டைக் கண்டுபுடிச்சதே நீதானா? மூணு வருஷமா இதே வயருதான். செத்தா போயிட்டேன்?"

சிநேகிதன் சிரித்தான். அது போதும் அவனுக்கு. "கக்கூசுல எப்படி உக்காரணும்னு ஒரு அட்டை ஒட்டலியா? போய் ஒட்டு, போ. எனக்கு அவசரமா வருது."

எல்லோரும் சிரித்தார்கள். லொரெல் மட்டும் அவன் தோளைத் தட்டி, "சும்மா இருங்க பிரென்டன்," என்றாள். ஆனால் அவள் முகத்திலும் சிரிப்பு இருந்தது. அதை நான் கவனித்தேன்.

சட்டப்படி நான் அவர்களுக்குக் கரண்ட் தர மறுத்திருக்கலாம். என் கொட்டகையில் மூன்று நல்ல வயர்கள் தொங்குகின்றன. வேறு யாராக இருந்தாலும் ஒன்றை இரவல் கொடுத்திருப்பேன். கேட்டிருந்தால் அவனுக்கும் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. மறுநாள் முதல் நான் பார்க்கில் எங்கே போனாலும் "வயர் தாத்தா வராரு, காலை எடுங்கடா," என்று ஒரு குரல் கேட்டது. முப்பத்தொன்றாம் இடத்தைத் தாண்டி ஐம்பதாம் இடம் வரைக்கும் அந்தப் பெயர் பரவியிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மழை பிடித்தது. மழை பிடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொன்றாம் எண் ஸ்விட்ச் விழுந்தது. தூக்கிவிட்டார்கள், திரும்ப விழுந்தது. கரண்ட் எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. அதன் வேலையே அதுதான். வண்டிக்குள்ளும் ஒரு சேஃப்டி ஸ்விட்ச் உண்டு. ஆனால் அவன் விரிசல் அதற்கு முன்னாலேயே இருந்ததால் அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கும் மரணத்துக்கும் நடுவில் நின்றது என் கம்பத்து ஸ்விட்ச் ஒன்றுதான்.

நான்காம் முறை விழுந்ததும் அவன் ஆபீஸுக்கே வந்துவிட்டான். தலையெல்லாம் நனைந்திருந்தது.

"யோவ், உன் கம்பம் ஓட்டைக் கம்பம்யா. ரெண்டு கிலோ இறால் ஃப்ரிட்ஜுல நாறுது."

"கம்பம் நல்லாத்தான் இருக்கு. உங்க வயர்தான்..."

"ஆரம்பிச்சுட்டான் பாரு. எனக்குப் பாடம் வேணாம் பெரிசு. அது விழக் கூடாது. அவ்வளவுதான். அந்த வேலைகூடத் தெரியாதுன்னா, தெரிஞ்ச ஒருத்தனைக் கூட்டிட்டு வா."

"விழாமப் பண்ணித் தரேன்," என்றேன்.

என் கொட்டகை அலமாரியில் 'செத்தது' என்று எழுதிய டப்பா ஒன்று உண்டு. பழைய ஸ்விட்சுகளைப் போட்டு வைப்பேன். கரண்ட் போகும், ஆனால் கசிவைக் கண்டு விழாது. பார்வைக்கு நல்லதைப் போலவே இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு, மழை விட்டிருந்த நேரத்தில், அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நல்லதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். பிரென்டன் மெதுவாகக் கை தட்டினான். "பாத்தியா, மனசு வச்சா முடியுது," என்றான்.

ஒரு மணி நேரம் கழித்து லொரெல் எலுமிச்சை கேக்கை ஒரு தட்டில் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மெர்வ். அவரு வாய்தான் அப்படி, மனசு நல்லவரு. இப்ப எல்லாம் சரியாயிடுச்சா? பயமில்லாம இருக்கலாமா?"

"இனிமே அது விழாது," என்றேன்.

"ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவள் ஒன்று கேட்டாள், நான் வேறொன்றுக்குப் பதில் சொன்னேன். தனக்குப் பிடித்ததைக் காதில் போட்டுக்கொண்டு போனது அவள். கணவனுக்கு ஏற்ற மனைவி. கேக் நன்றாகவே இருந்தது.

நீங்கள் இப்போது கேட்கப் போவது எனக்குத் தெரியும். எனக்கு யார் மேல் கோபம், செத்தது யார் என்று. ஆமாம், நான் பிரென்டனைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவன் ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்ததே இல்லை. தினமும் முதலில் வெளியே வருகிறவள் அவள்தான். வெறுங்காலோடு இறங்கி, நீச்சலுடைகளைக் கயிற்றில் உலர்த்திவிட்டு, திரும்பி வந்து கதவுப் பிடியைப் பிடிப்பாள். இரண்டு காலைகள் என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகையால் தெரியாமல் நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

ஞாயிறு விடியும்போது நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏழேகாலுக்கு அவள் இறங்கி வந்தாள். என்னைப் பார்த்துக் கை அசைத்தாள். நானும் அசைத்தேன். நான் டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவள் துணிகளை உலர்த்திவிட்டுத் திரும்பிக் கதவைத் தொட்டாள். சத்தமெல்லாம் எதுவும் இல்லை. பிடியை விடாமல் நின்றாள், அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஏதோ யோசித்துக்கொண்டு நிற்பதைப் போல இருந்திருக்கும்.

மொத்தப் பார்க்குக்குமான மெயின் ஸ்விட்ச் என் நாற்காலியிலிருந்து ஒன்பது அடி தூரத்தில் இருக்கிறது. நான் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்து போய் அணைத்தேன். ஓடவில்லை. தரை ஈரமாக இருந்தது, ஈரத் தரையில் ஓடக் கூடாது.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் காகிதங்களில் இருக்கிறது. பிரென்டன் புல்லில் மண்டியிட்டு அவளை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "மெர்வ், ஏதாவது பண்ணுங்க மெர்வ்," என்று கதறினான். என் பெயர் அவனுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நெஞ்சை அழுத்தி மூச்சைத் திரும்பக் கொண்டுவர முயன்றேன். முறைப்படித்தான் செய்தேன், பயிற்சி எடுத்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் இருபத்தாறு நிமிடத்தில் வந்தது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ராவிய பிளக்கை எடுத்துப் பையில் போட்டு, அவனைத்தான் நீங்கள் விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். அவன் அழுது அழுது தன் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டான் என்றும் கேள்விப்பட்டேன். அது நியாயமான முடிவாகத்தான் எனக்குப் பட்டது. ஆறு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று உங்கள் பரிசோதகரின் அறிக்கை வந்தது. நான்காம் பக்கம், மூன்றாம் பத்தி. கம்பத்திலிருந்த சேஃப்டி ஸ்விட்ச் காலாவதியானது, பல வருடங்களாகச் சோதிக்கப்படாதது, பராமரிப்பாளரின் அலட்சியமும் மரணத்துக்கு ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறார். இரண்டு முறை படித்தேன். முப்பத்தாறு வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை.

இதோ, இந்தப் பையில் இருப்பதுதான் முப்பத்தொன்றாம் எண்ணின் உண்மையான ஸ்விட்ச். பக்கவாட்டில் சோதித்த தேதிகள் என் கையெழுத்தில் இருக்கின்றன. கடைசித் தேதி, அவர்கள் வருவதற்கு ஒன்பது நாள் முன்பு. எங்கே வேண்டுமானாலும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், கசிவு என்றதும் கண் இமைப்பதற்குள் விழும். உங்கள் பரிசோதகரிடம் சொல்லி அந்தப் பத்தியைத் திருத்தச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணைக் கொன்றது நான். அலட்சியமாக இருந்தேன் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.